வெடிக்காத தோட்டா, கழலாத கோது, விலகிப்போகும் சன்னம்: ஒற்றைக்குழல் துவக்குக்கு மலைநாட்டு வைத்தியம்

ஒற்றைக்குழல் துவக்கில் இரண்டாவது வெடி என்று ஒன்று இல்லை. மூடியைத் திறந்து, வெடித்த வெறுங்கோதைக் கழற்றி, புதுத் தோட்டா போட்டு நிமிர்வதற்குள் பன்றி மூன்று பாத்தி தாண்டி மானாப் புல்லுக்குள் போய்விடும். அதனால் அந்த ஒரு வெடி பிழைத்தால் பழி முழுவதும் துவக்கின் தலையில் விழுகிறது. "அப்பா காலத்துச் சாமான், இனி உதவாது" என்று சொல்லிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கந்தப்பளை, வெலிமடை, ஊவா பரணகம பக்கங்களில் கோவா, கரட், உருளைக்கிழங்கு செய்கிறவர்களிடம் பயிர்க் காவலுக்கு இருக்கும் 12 போர் துவக்குகளில் (போர் என்பது குழல் அகலத்தின் அளவு) பெரும்பாலான குறைகள் துவக்கில் இல்லை. ஒன்று தோட்டாவில், இல்லாவிட்டால் மலைநாட்டு ஈரத்தில், அதுவும் இல்லையென்றால் சுடுகிறவரின் தோளில் இருக்கின்றன. எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே உள்ளது.

முதலில் ஒரு விடயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இது மரைக்கும் மானுக்கும் எழுதியது அல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் காலத்தில் துரைமார் நாய்களை விட்டு மரையை விரட்டினார்கள். ஹோட்டன் சமவெளியில் உள்ள நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தக் காலம் முடிந்து பல தலைமுறை ஆகிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரையைச் சுடுவது குற்றம். புள்ளிமானும் கேளையாடும் அப்படித்தான். தோட்டத்துக்குள் மரை இறங்கி லீக்ஸை மேய்ந்தால் வேலியைப் பலப்படுத்துங்கள், வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். துவக்கு பன்றிக்கு, அதுவும் உங்கள் காணிக்குள், உங்கள் பேரிலுள்ள உரிமத்தோடு.

எந்தக் கோளாறைப் பார்க்க உட்கார்ந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். துவக்கைத் திறவுங்கள், அறை வெறுமையா என்று கண்ணால் பாருங்கள், பிறகு விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். லயத்து வீட்டில் அடுத்த அறை இல்லாவிட்டால் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொள்ளுங்கள்.

"இன்னும் வாங்கவில்லை, எதை எடுப்பது?"

கோளாறே இல்லாத துவக்கை எடுப்பதும் கோளாறு நீக்கும் வழிதான். ரைபிளைப் பற்றிக் கேட்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: பயிர்க் காவலுக்கு அது வேண்டியதும் இல்லை, பொருந்துவதும் இல்லை. நம்முடைய தூரம் இருபது, முப்பது மீற்றர். அந்தத் தூரத்தில் பன்றிக்கு 12 போர் தாராளம். ரைபிள் குண்டு குறி தப்பினால் பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மலையில் யாருடைய லயத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

பழைய இங்கிலாந்துத் துவக்கு, ரஷ்யாவின் பைக்கால், எதுவாக இருந்தாலும் குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். தோட்டா அறையின் நீளம் அங்கே இருக்கும்: 65, 70 அல்லது 76 மில்லிமீற்றர், பழையவற்றில் இரண்டரை அங்குலம், இரண்டே முக்கால் அங்குலம் என்று இருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் வெடித்து விரிந்த பிறகு கோது இருக்கும் நீளம். வெடிக்காத 70 மில்லிமீற்றர் தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், மூடியும் மூடும். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கும் பகுதிக்குள் நுழைந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். "உள்ளே போகுதே, அப்ப சரிதானே" என்பது இங்கே செல்லாது.

பிறகு குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வளையம் வளையமாக நிழல் விழுந்தால் குழல் எங்கோ புடைத்திருக்கிறது; அந்தத் துவக்கை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். சிறு துருப்புள்ளிகள் பரவாயில்லை. அறைக்குள் துரு அரித்த குழிகள் இருந்தால் கோது சிக்கும் தொல்லை கூடவே வரும்.

விசையை இழுத்தேன், "டிக்" என்றது, வெடிக்கவில்லை

உடனே திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத மண் வெட்டுப் பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது, ஒரு நிமிடம் என்றால் இன்னும் நல்லது, அப்படியே நில்லுங்கள். ஈரம் பட்ட மருந்து தாமதித்துப் பிடிப்பது உண்டு. திறந்த துவக்கில் அது பிடித்தால் கோதின் பித்தளை உங்கள் முகத்துக்கு வரும்.

பிறகு தோட்டாவை எடுத்து அதன் பின்புறத்தைத் திருப்புங்கள். நடுவில் இருக்கும் கெப்பை, அதாவது ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியைப் பாருங்கள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

பள்ளம் ஆழமாக, நடுவில் விழுந்திருக்கிறது, ஆனாலும் வெடிக்கவில்லை: துவக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. குற்றம் தோட்டாவுக்கு. அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று யோசியுங்கள். அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைப்பது மலைநாட்டுப் பழக்கம். ஈரம் பிடிக்காது என்ற எண்ணம். பகலில் புகைச்சூடு, இரவில் பனிக்குளிர் என்று மாறி மாறிப் பட்டால் எந்தத் தோட்டாவும் கெடும்; நெருப்புக்கு மேலே வெடிமருந்து வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே துணியில் கட்டிய கொஞ்சம் வறுத்த அரிசி, அடுப்பில்லாத அறையில் பூட்டிய அலுமாரி. போதும். ஒருமுறை வெடிக்க மறுத்ததை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். வெட்டித் திறக்கவும் வேண்டாம்.

பள்ளம் மேலோட்டமாக, நகத்தால் கீறினது போல இருக்கிறது: ஊசி பலமாக அடிக்கவில்லை. இங்கேதான் நம் ஊருக்கே உரிய காரணம் வருகிறது, தேங்காய் எண்ணெய். கொழும்பில் அது எந்நேரமும் தண்ணீராக ஓடும். இருபத்துநான்கு பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே பதினாறு பாகை அளவில்தான். காலையில் போத்தலில் வெள்ளையாகக் கட்டிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு வைக்கச் சுட வைக்கிறோம். அதே எண்ணெயைத் துவக்கின் வில்லுக்கும் ஊசிக்கும் விட்டால் உள்ளேயும் அதே நிலைதான். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் விடியலில் ஊசி அந்தக் கொழுப்பைக் கிழித்துக்கொண்டுதான் முன்னே வர வேண்டும். பகலில் சோதித்தால் நன்றாக அடிக்கும், இரவில் ஏமாற்றும். "அண்ணே, நேத்துப் பகல்ல வெடிச்சிச்சி, ராவுல வெடிக்கல" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த எண்ணெய் போட்டாய் என்றுதான்.

இதற்கு மருந்து: பழைய எண்ணெயையும் பிசினையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், துவக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். ஒரு சொட்டுத்தான். ஊற்றினால் அது வழிந்து, தோளில் வைக்கும் மரச் சோங்குக்குள் இறங்கி, கழுத்துப் பகுதி மரத்தைப் பதமாக்கிவிடும். எண்ணெய் போட்ட துவக்கைச் சில மணி நேரம் குழல்வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைப்பது இதற்காகத்தான். சுத்தம் செய்த பிறகும் பள்ளம் மேலோட்டமாகவே விழுந்தால் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது ஊசி முனை தேய்ந்திருக்கிறது. இரண்டையும் உரிமம் பெற்ற துவக்கு பாஸிடம், அதாவது துவக்கு பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். ஆணியை ராவி ஊசி செய்யும் கைவண்ணம் நம்மிடம் நிறைய உண்டு. கூர் அதிகமானால் அந்த ஊசி கெப்பைத் துளைத்துச் சூட்டு வாயுவைக் கண்ணுக்கு அனுப்பும்.

பள்ளம் நடுவை விட்டு விலகியிருக்கிறது: குழலும் உடலும் சேரும் இடம் தேய்ந்துவிட்டது. கீழே "ஆட்டம்" பகுதியைப் பாருங்கள்.

பள்ளமே இல்லை: ஊசி உடைந்திருக்கலாம், அல்லது ஊசியை அடிக்கும் குதிரையை முழுதாகப் பின்னிழுக்காமல் விட்டிருக்கலாம்.

வழக்கமான சத்தம் இல்லை, "புஸ்" என்று போனது

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்தப் பட்டியலில் கையை இழக்க வைக்கக்கூடியது இதுதான். மருந்து அரைகுறையாகப் பிடித்தால் சன்னத்துக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுகளுக்கு) பின்னால் இருக்கும் அடைப்பு குழலின் நடுவில் நின்றுவிடும். பதற்றத்தில் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் புடைக்கும் அல்லது வெடித்துப் பிளக்கும். புஸ் என்ற சத்தம் கேட்டதும் அன்றைய காவலை நிறுத்துங்கள். துவக்கைத் திறந்து, கோதை எடுத்து, பின்புறமிருந்து டோர்ச் அடித்துக் குழலைப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துடைகோலால் தள்ளி எடுங்கள்.

அடைப்பு வேறு வழியிலும் வரும். மழையில் வழுக்கி, குழல்வாய் மண்ணில் குத்தினால் ஒரு கட்டிச் சேறு போதும். மாதக்கணக்கில் மூலையில் நின்ற துவக்கின் குழலுக்குள் வேட்டுவாளி மண்கூடு கட்டுவதும் உண்டு. இன்னொன்று, 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா. யாரோ கொடுத்தது என்று பையில் கலந்து கிடந்தால், அது 12 போர் அறையைத் தாண்டி முன்னே வழுகிப் போய்க் குழலில் அடைத்துக்கொள்ளும்; அறை வெறுமையாகத் தெரியும், அதன் பின்னால் 12 போர் தோட்டா ஒன்று உட்காரவும் இடம் இருக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த விபத்தைத் தவிர்க்கத்தான். மஞ்சள் எதுவும் உங்கள் பையில் இருக்கக் கூடாது.

வெடித்த கோது கழல மறுக்கிறது

முதலில் கோதைச் சந்தேகியுங்கள். பழைய காகிதக் கோதுகள் ஈரத்தில் ஊதிப்போகும்; போடும்போதே இறுகினால் அது அடையாளம். இரண்டாவது, அறைக்குள் துரு. இங்கேதான் காவல் குடிலிலிருந்து திரும்பும் விடியல்கள் கணக்கைத் தீர்க்கின்றன. வெளியே குளிர்ந்து போன இரும்பை நேரே அடுப்படிக்குக் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் அதன் மேல் தண்ணீர் துளிர்க்கும், குழலுக்குள்ளேயும். அதை அப்படியே கன்வஸ் உறைக்குள் போட்டுக் கட்டினால், தென்மேற்குப் பருவ மழை முடிவதற்குள் செம்மண் நிறத் தூள் தயார். வந்ததும் துவக்கைத் திறந்த நிலையில் அடுப்பில்லாத இடத்தில் உங்கள் கண் முன்னால் வையுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை அதன் குளிர் போகட்டும். பிறகு உள்ளும் புறமும் துடைத்து, எண்ணெய்த் துணி தடவி, உறை இல்லாமல் அலுமாரியில் பூட்டுங்கள். உறை கொண்டுபோவதற்கு மட்டும்.

சிக்கிய கோதைக் கத்தியால் நெம்பாதீர்கள். கோதின் விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளும் கொக்கிதான் உடையும். வெடித்த கோதுதான் என்று உறுதி இருந்தால் குழல்வாய் வழியாகத் துடைகோலை இறக்கி மெதுவாகத் தட்டுங்கள். வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால் கோலைக் கையிலேயே எடுக்க வேண்டாம், பாஸிடமும் அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

மூடினால் ஆட்டம் தெரிகிறது

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துவக்கை மூடி, சோங்கின் கழுத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கடகடவென்றால் கீல் தேய்ந்திருக்கிறது. இன்னொரு சோதனை, மெல்லிய காகிதத் துண்டொன்றைக் குழலின் பின்முனையில் வைத்து மூடுவது; வழுகி வந்தால் இடைவெளி இருக்கிறது. இரண்டு சோதனைக்கும் முன்பு அறை வெறுமை என்று மறுபடி பாருங்கள். தேய்ந்த கீலைப் பாஸ் சரிசெய்யலாம். தகரம் வைத்து இறுக்குவது மட்டும் வேண்டாம்.

குதிரையைப் பின்னிழுத்து வைத்து, வெறும் துவக்கின் அடிக்கட்டையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டும்போது குதிரை தானாக விழுந்தால், பழுது பார்த்து முடியும்வரை அந்தத் துவக்கில் தோட்டா ஏறக் கூடாது. வழுக்கும் வடிகான் கரையில் நடக்கிற நமக்கு இதில் சமரசம் இல்லை.

குறி பார்த்த இடத்தில் படுவதில்லை

துவக்கு வளைந்துவிட்டது என்பார்கள். அநேகமாக வளைந்திருப்பது கழுத்து, மனிதக் கழுத்து. ஒற்றைக்குழல் 12 போரில் பின்குறி என்று ஒன்று தனியாக இல்லை. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் சோங்கில் ஒரே இடத்தில் படியாவிட்டால் ஒவ்வொரு முறையும் பின்குறியை நகர்த்தி வைத்த கணக்குத்தான்.

சோதிக்க வேண்டும். பக்கத்துப் பொலிஸுக்குச் சொல்லிவிட்டு, உங்கள் காணிக்குள் கல் இல்லாத உயர்ந்த மண் வெட்டு ஒன்றின் முன்னால் ஆளகலத் தாள் ஒன்றை விரித்துக் கட்டுங்கள். தேயிலைத் தூள் ஏற்றும் பெரிய காகிதச் சாக்கைப் பிரித்தால் போதிய அகலம் வரும். நடுவில் கரியால் உள்ளங்கை அளவு வட்டம். இருபத்தைந்து மீற்றரில் நின்று, காவலுக்குப் போடும் அதே உடையில், அதே தோட்டாவில் சுடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் புதுத் தாள்.

சன்னக் கூட்டம் மேலே போனால் சுடும் கணத்தில் தலை தூக்குகிறீர்கள், அல்லது சோங்கின் முதுகு உங்களுக்கு உயரம். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போனால் கன்னம் சோங்கை ஒட்டவில்லை, கண் இடப்பக்கம் நிற்கிறது. கீழே இழுபட்டால் விசை கடினம், அல்லது உதைக்குப் பயந்து முன்கூட்டியே தோளைத் தள்ளுகிறீர்கள். அதைக் கண்டுபிடிக்க, மகனையோ தம்பியையோ போலித் தோட்டா ஒன்றை இடையில் கலந்து போடச் சொல்லுங்கள். டிக் என்ற இடத்தில் குழல் குனிந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

சோங்கின் நீளத்தை யாரும் கவனிப்பதில்லை. வழக்கமாக விசையிலிருந்து அடிக்கட்டை வரை 36, 37 சென்ரிமீற்றர் வரும். கொழும்பு வெயிலில் சேர்ட்டோடு பிடிப்பவருக்கு அது பொருந்தலாம். நாம் ஜேர்சி, அதன் மேல் கோட்டு, அதற்கும் மேல் மழைச்சீலை என்று போர்த்துக்கொண்டு உட்காருகிறோம். சோங்கு அக்குளில் சிக்கி, தோளுக்கு வராமல் கைச்சந்தில் நின்றுவிடுகிறது. உதையும் அங்கேயே விழும், குறியும் போகும். மரத்தை வெட்ட அவசரம் வேண்டாம். முதலில் மழைச்சீலையைக் கழற்றிச் சுட்டுப் பாருங்கள். பிறகும் நீளமென்றால் பாஸ் ஒன்றரை சென்ரிமீற்றர் குறைத்து ரப்பர் அடி வைத்துக் கொடுப்பார். தோள் கன்றிப்போகிறவர்களுக்கும் அதே ரப்பர்தான் பதில், கூடவே பாரம் குறைந்த தோட்டா. இரண்டரைக் கிலோ துவக்கில் 36 கிராம் சன்னம் சுடுவது வீரம் இல்லை.

நடுவில் குறி சரி, ஆனால் சன்னம் சிதறுகிறது

32 கிராம் எஸ்ஜி (பெரிய சன்னம்) தோட்டாவில் ஒன்பது சன்னம் அளவில்தான் இருக்கும். பழைய ஒற்றைக்குழல்கள் பலவற்றில் குழல்வாய் நன்றாக ஒடுங்கியிருக்கும். சிறு சன்னத்துக்கு அது கூட்டத்தை நெருக்கி வைக்கும், பெரிய சன்னமோ ஒடுக்கத்தில் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வெளியே வந்து கண்டபடி சிதறலாம். எந்தத் துவக்கு எந்தத் தோட்டாவை விரும்பும் என்பதைத் தாள்தான் சொல்லும். இருபத்தைந்து மீற்றரில் பன்றியின் முன்தோள் அளவான இடத்தில் பாதிக்கு மேல் விழாவிட்டால் இருபதுக்கு வாருங்கள். அங்கேயும் விழாவிட்டால் வேறு வகைத் தோட்டா. தூரத்தைக் கூட்டி ஈடுசெய்ய வழி கிடையாது. காயப்பட்ட பன்றி காலையில் கொழுந்து எடுக்க மலைக்கு வரும் பெண்கள் முன்னால்தான் எழும்பும்.

சிதறிய எஸ்ஜி சன்னம் அரைக் கிலோமீற்றருக்கு மேலும் போகும். அதனால் பன்றிக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். வானம் தெரிந்தாலோ, பாறை தெரிந்தாலோ, எதிரே லயத்து விளக்கு தெரிந்தாலோ விசையில் விரல் வைக்க வேண்டாம். டோர்ச்சில் கண் மட்டும் மின்னினாலும் அப்படியே. நம் தேயிலை மலைகளில் சிறுத்தையும் அதே பாதையில்தான் வருகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பித் தடத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது ஊருக்கே தெரியும்.

இனிச் சரிவராது என்று பாஸ் சொல்லிவிட்டார்

பொலிஸில் ஒப்படையுங்கள். பழைய குழலைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, பாதையில் கட்டிய கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குக்கு. அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அந்தக் கம்பியில் பன்றியின் கால் மட்டும்தான் படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

துவக்கில் கோளாறில்லை, பத்திரத்தில் இருக்கிறது

உரிமம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். டிசம்பர் 31க்கு முன் புதுப்பிக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போக வேண்டும். அங்கே வரிசையில் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரிய வரும், பத்திரத்தில் உள்ள இலக்கமும் துவக்கில் பொறித்த இலக்கமும் ஒத்துவரவில்லை என்று. பாஸ் குழலை மாற்றியிருக்கலாம், எழுதினவர் ஓர் எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம், பல தடவை மண்ணெண்ணெயில் தேய்த்து இலக்கமே மங்கியிருக்கலாம். நவம்பரிலேயே துவக்கைத் துடைத்து, இலக்கத்தின் மேல் சோக்கட்டியைத் தேய்த்து, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் படியுங்கள்; எழுத்துகள் வெள்ளையாக எழும்பும். வித்தியாசம் இருந்தால் பழைய பத்திரங்களின் பிரதிகளோடு முதலில் கச்சேரியில் எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தகப்பன் காலமாகியிருந்தால் அவர் பத்திரம் மகனுக்கு ஆகாது. துவக்கைப் பொலிஸில் கொடுத்து ரசீது வாங்கி, உங்கள் பேரில் புதிதாக விண்ணப்பியுங்கள்; கிராம உத்தியோகத்தரின் கடிதமும் காணிக்கான அத்தாட்சியும் தயாராக இருக்கட்டும்.